சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வன்னிக் குடும்பங்களின் உணவுச் செலவும் பருவங்களும்

இலங்கையின் வடபகுதியில் உள்ள வன்னியில் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று தாய்மாருக்குச் சொல்லப்படாத இடமே இல்லை. தாய் சேய் கிளினிக்கில் சொல்கிறார்கள், பாடசாலையில் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள், சுவரொட்டிகளில் சோறும் பருப்பும் மீனும் கீரையும் பழமும் முட்டையும் பாலும் நிறைந்த தட்டொன்றைப் படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தத் தட்டில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை நிரப்புவதற்கான காசு எந்த நாளில் கைக்கு வருகிறது, வந்த காசு எத்தனை நாளைக்குத் தாங்குகிறது, காசு இல்லாத நாளில் எந்தப் பொருளைக் கடனுக்கு வாங்க முடிகிறது என்பவற்றை யாரும் கேட்பதில்லை. குறைந்த செலவில் நல்ல உணவு என்பது வன்னியைப் பொறுத்தவரை சமையல் குறிப்பைவிடப் பருவத்தோடும் சேமிப்போடும் கூடுதலாகத் தொடர்புபட்ட விடயம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின்னணியை முதலில் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி, இலங்கையில் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்ந்தவர்கள் 14.3 வீதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் அது 44.5 வீதமாக, நாட்டிலேயே ஆகக் கூடுதலாக இருந்தது. இது கொரோனாவுக்கு முந்திய கணக்கு. அதன்பின் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அந்த ஆண்டின் காலபோகத்தை, அதாவது மாரிமழையோடு செய்யும் பெரும்போக நெற்செய்கையை, கெடுத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது, முந்திய வருடம் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமான்களை வாங்க ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபா வேண்டியிருந்தது. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று பின்னர் சொல்லப்பட்டபோது விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நாட்கூலியும் அந்த அளவுக்கு ஏறவில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கைக் கிட்டவாகப் பார்ப்போம். தாய், தகப்பன், பன்னிரண்டு, எட்டு, நான்கு வயதுகளில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். உடல் உழைப்பில் வாழும் இப்படியான வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி முடியும். 2024 டிசம்பரில் அரசு அறிவித்த உச்ச சில்லறை விலையான கிலோவுக்கு 230 ரூபா என்பதை வைத்து நாட்டரிசிக்குக் கணக்குப் போட்டால், நாளுக்கு ஏறத்தாழ 290 ரூபா, மாதத்துக்கு 8,700 ரூபா. 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டத்தில் வறிய குடும்பம் என்ற பிரிவுக்கு மாதம் 8,500 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆக, கொடுப்பனவில் பெரும்பகுதி சோற்றோடு முடிந்துவிடுகிறது. மீன், பருப்பு, மரக்கறி, தேங்காய், எண்ணெய், தூள், சீனி, தேயிலை, சவர்க்காரம், பிள்ளையின் கொப்பி எல்லாம் கூலிக் காசில்தான் வர வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், காசு இறுகும்போது வன்னியில் ஒரு வீடு சோற்றைக் குறைப்பதில்லை. பிள்ளைகள் பசியோடு படுக்கக் கூடாது என்பதால் சோறு அப்படியே இருக்கும். குறைவது சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பது. இரண்டு கறி ஒன்றாகும், மீன் கிழமையில் ஒரு நாளாகும், பருப்பில் தண்ணீர் கூடும், கடைசியில் சொதியும் சம்பலும் மட்டும் மிஞ்சும். வயிறு நிறைந்துவிடுவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பசியாகத் தெரியாது. இந்தக் குறைபாடு மாதக்கணக்கில் சேர்ந்து, பிள்ளையின் உயரத்திலும் தாயின் இரத்தத்திலும்தான் வெளிப்படும்.

சோறு எவ்வளவைத் தருகிறது, எவ்வளவை விட்டுவைக்கிறது என்பதையும் கணக்கிடலாம். ஒன்றேகால் கிலோ அரிசியில் ஏறத்தாழ 85 கிராம் புரதம் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து பேருக்கும் சேர்த்து நாளுக்கு 180 கிராம் அளவில் வேண்டும். எஞ்சிய 95 கிராமும் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்து வர வேண்டும் என்பதுதான் முழுப் பிரச்சினையும். பருப்பு வகைகள் பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம் உண்டு. ஆகவே 200 கிராம் பருப்பு 48 கிராம் தரும். நன்றாகக் காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் 50 கிராம் நெத்தலி 30 கிராமுக்குக் கிட்டத் தரும். மீதியைக் கீரையும் தேங்காயும் மரக்கறியும் சேர்ந்து ஓரளவு நிரப்பும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 48 கிராமை முட்டையால் நிரப்புவதானால் எட்டு முட்டை வேண்டும். முட்டை நல்ல உணவு, கிடைத்தால் சிறு பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டிய உணவு. ஆனால் குடும்பத்தின் முழுப் புரதத்தையும் அதன்மேல் சுமத்த முடியாது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் கூடுதலாகவும், பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் கூடுதலாகவும் இருப்பதால், சோறும் பருப்பும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் இரண்டின் பயனும் உயர்கிறது.

மைசூர்ப் பருப்பைக் கிலோ 300 ரூபா என்று கொண்டால், நாளுக்கு 200 கிராம் 60 ரூபா. அரிசிக்குக் கொடுக்கும் காசில் ஐந்திலொரு பங்கு. அப்படியிருக்க, பல வீடுகளில் பருப்பு ஏன் 100 கிராம் பைக்கற்றில் வந்து ஐந்து பேருக்குப் பங்கிடப்படுகிறது?

காரணம் காசு வரும் விதத்தில் இருக்கிறது. நாட்கூலிக்குப் போகும் வீட்டில் அன்றன்று சாமான் வாங்கப்படுகிறது. 100 கிராம் பருப்பு, 50 கிராம் மிளகாய்த்தூள், கால் போத்தல் தேங்காய் எண்ணெய், 20 ரூபாவுக்கு வெங்காயம் என்று வாங்கும்போது கிலோக் கணக்கில் வாங்குபவரைவிட அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கப்படுகிறது. வேலை இல்லாத கிழமைகளில் கடன் எழுதும் கடைக் கொப்பிதான் துணை. அந்தக் கொப்பியில் எல்லாச் சாமானும் ஏறாது. மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வருபவர் காசுக்குத்தான் கொடுப்பார். சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவும் அப்படித்தான், அவரும் அன்றாடம் உழைப்பவர். கொப்பியில் எழுதிக் கொடுக்கக்கூடியது கடையில் நாட்பட இருக்கக்கூடிய சாமான்: கோதுமை மா, சீனி, பிஸ்கட், நூடில்ஸ், சோயா மீற், டின் மீன். ஆகவே கையில் காசு இல்லாத நாட்களில் வீட்டுச் சாப்பாடு தானாகவே பைக்கற்றுகளின் பக்கம் சாய்கிறது. அந்த வீட்டுத் தாய்க்கு நூடில்ஸைவிடக் கீரை நல்லது என்பது தெரியாமல் இல்லை. கீரை கடனுக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

கொப்பியில் ஏறும் சாமான்களுக்குள்ளேயும் தெரிவு இருக்கிறது. சோயா மீற்றை ஏழைகளின் போலி இறைச்சி என்று பழிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்யப்படுவது. அதன் எடையில் பாதி புரதம். கூட வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதி என்பதால் அதைப் பாதியாகக் குறைத்து, வீட்டுத் தூளைப் போட்டுச் சமைத்தால் கடைக் கடனில் வாங்கக்கூடியவற்றுள் அது நல்ல தெரிவு. அதே காசுக்கு வாங்கும் பிஸ்கட் பைக்கற்றில் மாவும் சீனியும் கொழுப்பும்தான் கிடைக்கும்.

பழைய உணவுக்குத் திரும்புவதே தீர்வு என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் உழுந்தையும் கௌபியையும் பயறையும் குரக்கனையும் மொட்டைக்கறுப்பன் அரிசியையும் எடுத்துக் காட்டுவார்கள். அவை நல்ல உணவுகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. தானியங்களில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் விலையைப் பார்க்காமல் இதைச் சொல்வது நியாயமாகாது. 2020இல் உழுந்து, பயறு, கௌபி, குரக்கன் முதலியவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு இவற்றின் உள்ளூர் விலை பல மடங்கு ஏறியது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மேட்டு நிலத்தில் உழுந்து விதைத்தவருக்கு அது நன்மை. உழுந்து வாங்கி உண்பவருக்கு அது எட்டாத பொருள். மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி போன்ற நாட்டு நெல்லின் அரிசியும் இன்று வன்னிக்கு வெளியே, உடல்நலம் கருதி வாங்கக்கூடியவர்களுக்கு நல்ல விலையில் போகிறது.

ஆகவே உழுந்து விளைவித்த குடும்பம் அதை விற்று மைசூர்ப் பருப்பு வாங்கினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புரதத்தைப் பொறுத்தவரை ஒரு கிலோ உழுந்தும் ஒரு கிலோ மைசூர்ப் பருப்பும் ஏறத்தாழச் சமம், விலையில் மட்டும் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் கிடைக்கும் காசு சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி. அறுவடை நேரத்தில் உர வியாபாரிக்கும் உழவு மெசினுக்கும் நுண்கடனுக்கும் கட்டவேண்டியது வரிசையில் நிற்பதால், விற்ற காசு வீட்டுக்குள் நுழையாமலே போய்விடுகிறது. விளைந்ததில் விதைக்கும், சின்னப் பிள்ளையின் கஞ்சிக்கும் களிக்கும் என்று ஒரு பங்கை ஒதுக்கிய பிறகே மற்றதை விற்பது பழைய வழக்கம். அது கைவிடப்பட்டதற்குக் காரணம் கடன்தான். யாருடைய அறியாமையும் அல்ல.

நெல்லுக்கும் இதே நிலைமை. நாளுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மூடை நெல். பன்னிரண்டு மூடையை ஒதுக்கி வைத்த வீட்டுக்கு அடுத்த காலபோகம் வரைக்கும் அரிசிக் கடையில் அலுவல் இல்லை. மாசி, பங்குனியில் ஈர நெல்லாக முழுவதையும் கொடுத்துவிட்டு ஐப்பசியில் அரிசியாகத் திருப்பி வாங்கும் வீடு, விற்றபோது கிடைத்த விலைக்கும் வாங்கும்போது கொடுக்கும் விலைக்கும் இடையிலான முழு வித்தியாசத்தையும் தன் பிள்ளைகளின் கறியில் இருந்தே கட்டுகிறது. வீட்டு நெல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள பி வகை விற்றமின்கள் மணிக்குள் இறங்குகின்றன. அதை மில்லில் அளவாகத் தீட்டுவித்தால் தவிட்டின் சத்தும் ஓரளவு தங்கும். கடையில் வாங்கும் வெள்ளைப் பச்சையரிசியில் அது இல்லை. சோறு வடித்த கஞ்சியையும் வீசாமல் சொதிக்கோ குடிப்பதற்கோ எடுத்தால் தண்ணீரோடு போகும் சத்து வீட்டிலேயே நிற்கும்.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன், வன்னியின் பலம் அங்கேதான் இருக்கிறது.

வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களில் வாடைக்காற்றோடு வருகிறது. அந்த மாதங்களில் கூலி வேலை குறைவு, வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், தொழிலாளர் கடலுக்குப் போக முடியாது. புது நெல் வர மாசியாகும். ஆண்டில் காசு ஆகக் குறைந்த காலம் இதுவே. ஆனால் கீரை ஆகக் கூடுதலாக இருக்கும் காலமும் இதுவே. வேலியில் முசுட்டை படர்ந்திருக்கும், வெளியில் தகரையும் சாரணையும் முளைக்கும், குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பொன்னாங்காணியும் வல்லாரையும் இருக்கும், முருங்கை புதுத் துளிர் விடும். காசு கொடுக்காமல் கிடைக்கும் இரும்புச் சத்தும் விற்றமின் ஏயும் ஃபோலேற்றும் இந்த மூன்று மாதமும் வளவைச் சுற்றி நிற்கின்றன. பற்றாமல் போவது புரதமும் கொழுப்பும்.

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரைக்கும் நிலைமை தலைகீழ். நிலம் காய்ந்து கீரை அரிதாகி, சந்தையில் மரக்கறி விலையேறும். ஆனால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக் குளம் முதலிய குளங்களிலும் ஊர்ச் சிறுகுளங்களிலும் நீர் வற்ற வற்ற மீன் ஓரிடத்தில் சேர்ந்து, பிடிப்பது இலகுவாகி விலை இறங்கும். முல்லைத்தீவுக் கரையிலும் கடல் அமைதியாகி, கரைவலையில் நெத்தலியும் சூடையும் சாளையும் வரும். மன்னார்ப் பக்கத்துக் கடலோ சோளகத்தில் குழம்பி வாடையில் அடங்கும். வன்னிக்குக் கிழக்கில் ஒரு கரை, மேற்கில் ஒரு கரை. ஒன்றில் தொழில் ஓயும்போது மற்றதில் நடக்கும். இந்த வாய்ப்பு நாட்டில் எல்லாப் பிரதேசங்களுக்கும் இல்லை.

கீரை மழைக்காலத்தில், மீன் வெயில் காலத்தில் என்று இரண்டும் எதிரெதிரே நிற்பதால், ஒன்றை மற்றதன் காலத்துக்குக் கொண்டுபோவதே குடும்பத்தின் வேலை. மீனைக் கொண்டுபோகும் வழி கருவாடு. வெயிலைவிட அதற்கு வேறு செலவில்லை. ஆனி, ஆடியில் விலை இறங்கும் நாளில் சிறுமீனை வாங்கி உப்பிட்டுக் காயவைத்த வீடு கார்த்திகை மழையில் கீரையோடு சேர்த்துச் சமைக்க ஏதோ ஒன்றை வைத்திருக்கும். கீரையைக் கொண்டுபோகும் வழி கடினம். முருங்கை இலையை நிழலில் உலர்த்தித் தூளாக்கி வைக்கலாம். விற்றமின் சி போய்விடும், இரும்பும் கல்சியமும் புரதமும் தங்கும். வெயில் காலத்துப் புட்டு மாவிலோ பருப்பிலோ ஒரு மேசைக்கரண்டி தூளைக் கலந்தால் பிள்ளைகளுக்கு மணம் பெரிதாகத் தெரியாது.

மழைக்காலத்துக் கறி ஒன்றைச் செய்முறையோடு பார்க்கலாம். 50 கிராம் நெத்தலியைச் சுடுநீரில் சிறிது நேரம் ஊறவைத்து, உப்பும் மண்ணும் போகக் கழுவி, தலையை மட்டும் நீக்க வேண்டும். முள்ளை எடுக்கக் கூடாது, கல்சியம் பெரும்பாலும் அந்த முள்ளில்தான் இருக்கிறது. சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, நெத்தலியை மொறுமொறுவென்று வதக்கியபின், ஆய்ந்து கழுவிய முருங்கை இலையை இரண்டு கை நிறையப் போட்டு, நிறம் மாறும் முன் துருவிய தேங்காய்ப்பூவை ஒரு பிடி தூவிக் கிளறி இறக்க வேண்டும். இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிய வேண்டும். எண்ணெயும் தேங்காயும் இல்லாவிட்டால் இலையில் உள்ள விற்றமின் ஏ உடலில் சரிவரச் சேராது. தேசிக்காய்ப் புளி இலையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். மீனின் சிறு அளவும் அதே உதவியைச் செய்யும். ஒரு பருப்புக் கறியோடு இந்த நெத்தலி முருங்கை வறையையும் வைத்தால் ஐந்து பேருக்கு ஒரு வேளை முழுமையான சாப்பாடு. நெத்தலியை வாங்கும்போது வெள்ளி நிறமாக, உலர்ந்து ஒடியக்கூடியதாக இருக்க வேண்டும். மஞ்சள் பிடித்ததும் கசிந்ததும் விலை குறைவென்றாலும் வேண்டாம்.

குளத்து மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று உலர் வலயக் குளங்களின் பிடிபாட்டில் முக்கிய இடம் அதற்கு உண்டு. கடல் மீன் உண்டு பழகியவர்கள் சேற்று மணம் என்று ஒதுக்குகிறார்கள், விருந்தினருக்கு வைக்கத் தயங்குகிறார்கள். புரதத்தில் அது விலையுயர்ந்த கடல் மீனுக்குக் குறைந்ததல்ல. புளியும் மஞ்சளும் தடவிச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் மணம் பெரும்பாலும் போய்விடும். ஒமேகா கொழுப்பு வேண்டுமென்றால் சாளையும் சூடையும் இருக்கின்றன. அவையும் விலை குறைந்த மீன்களே. பிள்ளை வளர்வதற்குப் பாரை மீனோ அறக்குளாவோ வேண்டும் என்ற எண்ணம் ஆதாரமற்றது.

கொழுப்புக்குத் தேங்காயை நம்பியிருந்த சமையல் இது. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியது. நாளுக்குப் பாதித் தேங்காய் என்றாலே அந்த விலையில் மாதம் 3,000 ரூபா. சொதிக்குப் பிழிந்த பூவைச் சம்பலுக்கோ வறைக்கோ திரும்ப எடுப்பது பல வீடுகளில் நடக்கிறது, அது நல்லது. முல்லைத்தீவின் மணல் நிலங்களில் விளையும் கச்சானையும் இந்த இடத்தில் எண்ண வேண்டும்: 100 கிராமில் 25 கிராம் புரதம், கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. வறுத்து இடித்த கச்சானை வறைக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாகத் தூவலாம், சம்பலாக அரைக்கலாம், பாடசாலைக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு சுருள் கட்டிக் கொடுக்கலாம். ஈரத்தோடு சேமித்துப் பூஞ்சணம் பிடித்த கச்சானில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உருவாகும். வறுத்தாலும் அது போகாது. நிறம் மாறியதையும் கசப்பதையும் கொட்டிவிட வேண்டும்.

பால்மா விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 400 கிராம் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டிவிட்டது. அதில் 100 கிராம் அளவில் புரதம் உண்டு. அதே 100 கிராமை 400 கிராம் பருப்பு 120 ரூபாவுக்குத் தருகிறது. பாலின் கல்சியத்தையும் விற்றமின் பி12ஐயும் பருப்பு தராது, ஆனால் முள்ளோடு உண்ணும் நெத்தலி இரண்டையும் தரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்காகக் கடன்பட்டுப் பால்மா வாங்குவதைவிட அந்தக் காசை மீனுக்கும் பருப்புக்கும் கொடுப்பது மேல். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அதற்கு ஈடாக எந்தப் பைக்கற்றும் இல்லை. மாடு வளர்க்கும் வீடுகள் சிலவற்றில் காலையில் கறந்த பால் முழுவதும் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போக, அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடையிலிருந்து பால்மா வருகிறது. ஒரு கோப்பைப் பாலை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் வருமானத்தில் பெரிய குறை வராது. சாப்பாட்டோடு சேர்த்து வெறுந்தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்ததே. தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கட்டிவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்த நட்டம் பெரும்பாலும் இல்லை.

வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்ற அறிவுரையை வன்னியில் அளவோடுதான் சொல்ல வேண்டும். குரங்கும் மயிலும் காட்டுப்பன்றியும் வராத வளவு குறைவு. ஆடி, ஆவணியில் கிணறு வற்றும், கரையோரத்தில் உவர்க்கும். கத்தரியும் தக்காளியும் பயிற்றையும் போட்டுத் தோற்ற வீடுகளுக்குக் குற்ற உணர்வைக் கொடுப்பதில் பயனில்லை. குசினித் தண்ணீர் போகும் இடத்தில் இரண்டு முருங்கையும் ஒரு அகத்தியும் ஒரு பப்பாசியும் ஒரு தேசியும் நின்றால் அதுவே பெரிய தோட்டம்.

கஞ்சியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2009இல் போரின் இறுதி நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சியில் உயிர் பிழைத்தவர்கள் வாழும் மண் இது. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்த நினைவோடுதான் வழங்கப்படுகிறது. இலைக்கஞ்சி உடம்புக்கு நல்லது, செலவும் குறைவு என்று அவர்களிடம் ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போவது பொருந்தாது. பயறு, தேங்காய்ப்பால், வல்லாரை, முல்லை இலைகள் எல்லாம் சேர்ந்த கஞ்சி அந்தக் கஞ்சி அல்ல என்பதைச் சமைத்துக் காட்டியே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்த உணவு யாருக்குப் போகிறது என்பதும் கணக்கின் ஒரு பகுதி. உழைத்து வருபவருக்கு மீன் துண்டு, பிள்ளைகளுக்கு அடுத்தது, தாய்க்குச் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பு. தாயே உழைப்பவராகவும் இருக்கும் வீடுகள் போருக்குப் பின் வன்னியில் ஏராளம்; அங்கும் அவர் கடைசியாகவே சாப்பிடுகிறார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமா, நாளுக்கு 50 கிராம் என்ற அளவில் ஒருவருக்காகக் கணக்கிடப்பட்டது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த மாவை வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தால் எவருக்கும் போதிய பயன் இல்லை. பங்கிடாமல் இருப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கடினம் என்பது விளங்குகிறது; ஆனாலும் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவருடைய பெயரை எழுதித் தனிப் பேணியில் வைப்பதே முறை.

மாதத்தில் ஒரே தடவை மொத்தமாக வரும் காசு அஸ்வெசும வங்கிக்கு வரும் நாளில் வருவதுதான். அன்றைக்கே கடைக் கொப்பி அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் வேறு எதற்கும் முன்னதாக மாதத்துக்கான ஆறு கிலோ பருப்பை வாங்கிவிட்டால், 1,800 ரூபாவில் முப்பது நாளைய கறியின் அடித்தளம் வீட்டுக்குள் வந்துவிடும். தனி வீட்டால் இது முடியாத இடத்தில் ஊர்ச் சங்கத்தால் முடியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் சுழற்சிக் கடன் கொடுத்தும் வசூலித்தும் பழக்கப்பட்டவை. அதே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாசியில் நெல்லும், ஆடியில் கருவாடும், மாதாமாதம் பருப்பு மூடையும் மொத்த விலைக்கு வாங்கி, உறுப்பினருக்குக் கிழமைக் கிழமையாகக் கட்டும் கடனாகக் கொடுக்கலாம். அப்போது காசில்லாத கிழமையிலும் கொப்பியில் ஏறுவது நூடில்ஸாக இல்லாமல் பருப்பாகவும் நெத்தலியாகவும் இருக்கும். இதற்குத் தேவையானது உலர்ந்த ஓர் அறை, ஒரு தராசு, எலி ஏறாத பரண், ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெயிலில் காட்டி எடுக்கும் நான்கு பேர்.